திருகோணமலை வளவுகளில் நிற்கும் "கிறிஸ்மஸ் மரம்": பைனா, சவுக்கா, நோர்போக்கா, குக்கா?

உவர்மணல்:
உவர்மலையில் ஒரு வளவுக்குள் தட்டுத் தட்டாய்க் கிளை விட்டு நிற்கிற மரம் ஒண்டைப் பற்றிக் கேட்கவேணும். உயரம் கிட்டத்தட்ட 14 மீற்றர். நெஞ்சளவு உயரத்தில் அடிமரச் சுற்றளவு 105 செ.மீ. ஆனால் கிளை விரிஞ்ச அகலம் கீழ்த்தட்டிலகூட 4 மீற்றர் வராது. மரம் கொஞ்சம் சாய்ஞ்சும் நிற்குது. பைன் எண்டு சிலர், சவுக்கில ஒரு சாதி எண்டு சிலர். கன்று விற்கிற இடத்தில "கிறிஸ்மஸ் மரம்" எண்டு சொல்லி முடிச்சிடுவாங்க. உண்மையில இது எந்தக் குடும்பம், எந்த இனம்? அதே வளவின் முன்பக்கம் இன்னும் இரண்டு கன்று வைக்கிற யோசனை. சுவரில இருந்து எவ்வளவு தள்ளி வைக்கவேணும், எந்த மாதம் நல்லது எண்டும் சொல்லுங்கோ.

வேர்முனை:
முதலில் சவுக்கை ஒதுக்கிவிடலாம். நிலாவெளிக் கரையில் வரிசையாக நிற்கும் சவுக்கு, கசுவரினா ஈகுவிசெற்றிபோலியா, பார்வைக்கு மட்டும்தான் ஊசியிலை மரம். அது பூக்கும் தாவரம். இலை என்று நாம் எண்ணும் பச்சை நூல், கணுக்கணுவாக அமைந்த மெல்லிய தண்டு. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஆறு முதல் எட்டுச் சிறு பற்களாகக் குறுகிப்போயின. நூலை இரு கையாலும் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும். ஊசியிலை மரம் எதிலும் அப்படிக் கழலாது. சவுக்கங்காயும் கூம்புபோல இருக்கும், ஆனால் அதற்குள் இருந்து உதிர்வது சிறகு முளைத்த பழம்.

பைனையும் ஒதுக்கலாம். பைனில் ஊசிகள் கட்டுக்கட்டாக, அடியில் ஒரு உறையோடு வரும். மலைநாட்டில் காடாக நட்ட கரிபியன் பைனில் பெரும்பாலும் ஒரு கட்டுக்கு மூன்று ஊசி, நீளம் 15 முதல் 25 செ.மீ. உங்கள் மரத்தில் கட்டும் இல்லை, உறையும் இல்லை. விரல் நக நீளத்துக்கும் குறைந்த இலைகள் தனித்தனியாகத் தண்டைச் சுருளாகச் சுற்றி ஏறியிருக்கும்.

ஆக இது அரோக்கேரியேசியே குடும்பம். வித்துமூடியிலி (வித்து பழத்துக்குள் மூடப்படாதது), ஊசியிலைத் தாவரம், என்றும் பச்சை. வருணத்தில், அதாவது குடும்பங்களைச் சேர்க்கும் மேல்வகுப்பில், மட்டும் நூல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. பழைய நூல்கள் பைனேல்ஸ் என்று பைனோடு சேர்த்தன. இப்போது பலர் பொடோகார்பேசியே என்ற குடும்பத்தோடு சேர்த்து அரோக்கேரியேல்ஸ் என்று தனி வருணமாக்குகிறார்கள். எனக்கும் பிந்தியதே சரி. கூம்பைப் பிரித்துப் பார்த்தாலே காரணம் விளங்கும். பைன் கூம்பில் ஒரு செதிலின் மேல் இரண்டு வித்து. அரோக்கேரியாவில் ஒரு செதிலுக்கு ஒரே வித்து, அதுவும் செதிலோடு ஒட்டிப்போயிருக்கும். பைன் மகரந்தத்துக்கு இரண்டு காற்றுப்பை உண்டு, இதற்குக் கிடையாது. நிறமூர்த்தங்கள் பைனில் 24, இதில் 26.

குடும்பத்தில் மூன்றே சாதிகள்: அரோக்கேரியா, அகதிஸ், வொல்லெமியா. அகதிஸில் வித்து செதிலை விட்டு விலகும், இலை அகலமாக இருக்கும். வொல்லெமியாவை உயிரோடு கண்டது 1994இல்தான், சிட்னிக்கு மேற்கே ஒரு மலைப் பிளவுக்குள். அரோக்கேரியாவில் சுமார் 20 இனங்கள். பெரும்பகுதி நியூ கலிடோனியா என்ற ஒரே தீவுக்கூட்டத்துக்குச் சொந்தம்.

இலங்கையில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் புத்தளத்துக்குக் கிட்டத் தப்போவவில் யுராசிக் காலப் படிவுகளில் ஊசியிலைத் தாவரங்களின் தடங்கள் கிடைத்திருக்கின்றன. இந்த மண்ணில் நின்று அழிந்துபோன கூட்டம் அது. கன்றாக இறக்கி நட்டதைத்தான் இன்று பார்க்கிறோம்.

தென்னங்கீற்று:
நல்ல விளக்கம் ஐயா. அப்ப இது நோர்போக் தீவுப் பைன்தானே? அந்தப் பெயரிலதான் எல்லா இடமும் விற்குது.

கூம்புச்செதில்:
பெயரை நம்பாதையுங்கோ தம்பி. குழப்பம் தொடங்கிறதே அந்தப் பெயரிலதான். வெப்ப நாடுகளில் "நோர்போக்" எண்டு நிற்கிறதில கனக்க மரம் குக் பைன். ஹவாய்த் தீவுகளிலயும் இதே கதை.

நோர்போக் எண்டது அரோக்கேரியா ஹெற்றரோபில்லா. பசிபிக்கில இருக்கிற நோர்போக் தீவைத் தவிர வேறெங்கும் அதுக்குச் சொந்த ஊர் இல்லை. தாவரவியலாளர் சாலிஸ்பரி 1807இல வேறொரு சாதியில வைச்சார், இன்னொரு தாவரவியலாளர் பிராங்கோ 1952இல அரோக்கேரியாவுக்கு மாற்றினார். பழைய புத்தகத்தில "எக்செல்சா" எண்டு கண்டால் அனேகமா இதைத்தான் சொல்லுறாங்க. குக் பைன் எண்டது அரோக்கேரியா கொலம்னாரிஸ், நியூ கலிடோனியாக்காரன். கொலம்னாரிஸ் எண்டால் தூண் மாதிரி. 1774இல ஆங்கில மாலுமி கப்டன் குக் கப்பலில வந்தபோது, தூரத்தில தெரிஞ்ச இந்த மரங்களைக் கப்பலில இருந்த இயற்கையியலாளர் கருங்கல் தூண்கள் எண்டு வாதாடினவங்க. அவ்வளவு ஒடுக்கம், அவ்வளவு நேர்த்தி. உங்கட 14 மீற்றர் மரத்துக்கு 4 மீற்றர் விரிவில்லை எண்டதும் எனக்கு அந்தத் தூண்தான் நினைவு வந்தது. வெளியில தனிச்சு நிற்கிற நோர்போக் அந்த உயரத்தில அடியில நல்லா விரிஞ்சு கோபுரம் மாதிரி இருக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையில வானம் தெரியும்.

வடிவத்தை மட்டும் வைச்சு முடிவு கட்டவேண்டாம், நிழலில வளர்ந்தால் எதுவும் ஒடுங்கும். மற்றதையும் பாருங்கோ.

அடிமரத்துத் தோல்: குக் பைனில மெல்லிய தாள் மாதிரிக் கிடையாச் சுருண்டு உரியும். நோர்போக்கில சின்னச் சின்னச் செதிலா உதிரும்.

கிளை: இதுதான் பெரிய துப்பு. குக் பைன் பழைய கிளையை விழுத்திப்போட்டு, அதே இடத்தில அடிமரத்தில இருந்து குட்டைக் கிளை திரும்ப விடும். அதாலதான் கிழட்டு மரம்கூட மேல இருந்து கீழ வரை குச்சி குச்சியா மூடி நிற்கும். நோர்போக் அப்படி நிரப்பாது. கீழ்த்தட்டு போனால் போனதுதான்.

கூம்பு: கையில கிடைச்சால் சந்தேகமே இல்லை. நோர்போக் பெண்கூம்பு உருண்டை, சொல்லப்போனால் சப்பை உருண்டை. நீளம் 10 – 12 செ.மீ., அகலம் 12 – 14. குக் பைனில முட்டை வடிவம், நீளம் 10 – 15, அகலம் 7 – 11. ஆண்கூம்பு நோர்போக்கில 4 – 5 செ.மீ., குக்கில 5 – 10. ஒரு மரத்திலயே ஆண்கூம்பு, பெண்கூம்பு இரண்டும் வரும். பெண்கூம்பு முத்த ஒன்றரை வருசம் எடுக்கும், முத்தினால் மரத்திலயே உடைஞ்சு செதில் செதிலா விழும். அதால நிலத்தில முழுக்கூம்பு தேடாதையுங்கோ, தொலைநோக்கியால மேல பாருங்கோ.

இளங்கன்றில மட்டும் இந்த ஒண்டும் உதவாது. இரண்டிலயும் இலை மிருதுவா, ஊசிபோல உள்வளைஞ்சு, 1 செ.மீ. சுமாரில இருக்கும். மரம் முதிர முதிரத்தான் இலை குறுகிச் செதிலா ஒண்டின்மேல் ஒண்டு படியும், கிளை பின்னின கயிறு மாதிரி வரும். ஹெற்றரோபில்லா எண்ட சொல்லுக்கே "வேறு வேறு இலை" எண்டுதான் பொருள். இரண்டு அடிக் கன்றைப் பார்த்து இன்ன இனம் எண்டு சத்தியம் பண்ணுறவரை நான் நம்பமாட்டன்.

தென்னங்கீற்று:
சாய்வுக்கு என்ன சொல்லுறீங்கள்? உவர்மலை மேடு. மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கிற அடிக்கு எந்த மரமும் சாயும்தானே.

வேர்முனை:
கச்சான்தான் காரணமா என்பதை அளந்தே சொல்லலாம். கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது. அது தள்ளினால் மரம் வடகிழக்காகச் சாயவேண்டும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து. அது தள்ளினால் தென்மேற்காக.

குக் பைனின் சாய்வுக்குத் திசை வேறு. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஐந்து கண்டங்களில் 18 பகுதிகளில் 256 குக் பைன்களை அளந்தார்கள். வடகோளத்தில் நின்றவை தெற்காகவும் தென்கோளத்தில் நின்றவை வடக்காகவும், அதாவது மத்திய கோட்டுப் பக்கமாகவே சாய்ந்திருந்தன. சராசரிச் சாய்வு 8.55 பாகை. மத்திய கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு கூடியது. நாம் இருப்பது ஏறத்தாழ 8.5 பாகை வடக்கில். ஆகவே இங்கு சாய்வு சராசரியைவிடக் குறைவாகவும் தெற்காகவும் இருந்தால் அது அந்தப் போக்கோடு பொருந்தும்.

அளப்பது இப்படி. மேசன்மாரின் தூக்குக்குண்டும் 30 செ.மீ. நீளச் சட்டமும் போதும். நிலத்திலிருந்து 220 செ.மீ. உயரத்தில் சட்டத்தின் ஒரு முனையை மரத்தோலில் முட்டவைத்துக் கிடையாகப் பிடித்து, மறுமுனையில் நூலைத் தொங்கவிடுங்கள். நிலத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கவும். பின் எதிர்ப்பக்கத்திலும் அதேபோல. இரண்டு தூரத்தின் வித்தியாசத்தில் பாதிதான் 2 மீற்றருக்கு உள்ள சாய்வு. ஒரு பக்கம் மட்டும் அளந்தால் அடிமரம் கீழே பருத்திருப்பது கணக்கைக் கெடுத்துவிடும். 30 செ.மீ. வந்தால் 8.5 பாகை, 17.5 வந்தால் 5 பாகை, 10.5 வந்தால் 3 பாகை. தெற்கு–வடக்காக ஒருமுறை, கிழக்கு–மேற்காக ஒருமுறை அளந்தால் திசையும் தெளியும்.

அடிமரச் சாய்வு வேறு, முடி ஒருபக்கமாக இருப்பது வேறு. கடலைப் பார்த்த பக்கத்துக் குருத்து உப்பில் கருகி மறுபக்கம் மட்டும் தழைத்தால் மரம் சாய்ந்ததுபோலத் தோன்றும். நூல் பிடித்தால் அடிமரம் நேராக இருக்கும்.

பேராதனைப் பூங்காவில் குக் பைன் சாலை இருக்கிறது. அடிமரங்கள் நெளிந்து நெளிந்து ஏறுவதை அங்கே ஒரே வரிசையில் பார்க்கலாம்.

ஆழிக்குடா:
நடுகிறதைப் பற்றி நான் எழுதுறன். இனத்தைவிட முக்கியமா முதலில கன்றைப் பார்த்து வாங்குங்கோ. தழைச்சுத் தெரியவேணும் எண்டு ஒரு சாடியில மூன்று நாலு வித்துக் கன்றைச் சேர்த்து நட்டு விற்கிற வழக்கம் இருக்கு. மண்மட்டத்தில விரலால விலத்திப் பார்த்தால் தனித்தனித் தண்டு தெரியும். அப்படியே நிலத்தில வைச்சால் ஒண்டை ஒண்டு நெருக்கி, பத்து வருசத்தில ஒண்டும் நிமிராது. ஓரடிக்கு உட்பட்ட கன்று எண்டால் வாளித் தண்ணியில வேர்க்கட்டை ஊறவைச்சு, மண்ணைக் கழுவிப் பிரிக்கலாம். அதைவிடப் பெரிசெண்டால் நல்ல ஒண்டை விட்டு மற்றதை அடியோட வெட்டுங்கோ. பிடுங்கினால் நிற்கிறதின்ர வேரும் அறும்.

அடுத்தது வேர். பொலித்தீன் பையில கனகாலம் நிண்ட கன்றில ஆணிவேர் அடியில சுருண்டிருக்கும். அதோட நட்டால் மேல நல்லா வளரும், கீழ பிடிப்பு இராது. 1964 டிசம்பரில வந்த மாதிரி ஒரு சூறாவளி வந்தால் முதலில சரியிறது அந்த மரம்தான். பையைக் கிழிச்சு, சுற்றுற வேரை வெட்டி விட்டு நடுங்கோ. ஆணிவேரே இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தால் அந்தக் கன்றை வாங்கவே வேண்டாம்.

காலம் ஒக்டோபர் கடைசி அல்லது நவம்பர். மாரி மழையில வேர் ஓடி, கச்சான் தொடங்கேக்க கன்று தன்ர காலில நிற்கவேணும். பெப்ரவரிக்குப் பிறகு வைச்சால் ஓகஸ்ட் வரை தண்ணி சுமக்கவேண்டி வரும்.

குழி இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழம் ஒன்றரை. உவர்மலைக் கிறவல் மண்ணில குழியின்ர பக்கத்தை அலவாங்கால கொத்திச் சொரசொரப்பாக்குங்கோ. வழுவழு எண்டு விட்டால் சாடிக்குள்ள நிற்கிற மாதிரித்தான், மழைத்தண்ணி தேங்கி வேர் அழுகும். உப்புவெளி, நிலாவெளி மணல் எண்டால் தோண்டின மண் மூன்று பங்குக்கு மக்கின மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூள் போடுறதெண்டால் நல்ல தண்ணியில இரண்டு தரம் அலசிப் பிழிஞ்சு போடுங்கோ, அதில உப்பு இருக்கும். கன்று பைக்குள்ள எந்த மட்டத்தில நிண்டதோ அதே மட்டம்தான், கழுத்தை மூடினால் அழுகல். இரண்டு பக்கமும் முளை அடிச்சு, எட்டு வடிவில தளர்வாக் கட்டி, ஒரு வருசத்தால கழட்டிவிடுங்கோ. ஆடவிட்டால்தான் அடிமரம் பருக்கும்.

முதல் வறட்சியில மூன்று நாளுக்கு ஒருக்கா 20 லீற்றர், ஒரு மீற்றர் பாத்தி கட்டி மெதுவா ஊற்றுங்கோ. பாத்திக்குள்ள தென்னம் பொச்சு மூன்று அங்குலம் பரப்பி, அடிமரத்தில இருந்து ஒரு சாண் விலத்தி வையுங்கோ.

சுவரில இருந்து தூரம்: குக் பைன் எண்டால் 6 மீற்றர், நோர்போக் எண்டால் 10. கன்றில இனம் தெரியாது எண்டு மேல சொல்லியிருக்கு. அதால 10 மீற்றரே வையுங்கோ. மின்கம்பிக்குக் கீழ அறவே வேண்டாம்.

தென்னங்கீற்று:
கம்பிக்குக் கிட்ட வந்தால் தலையை வெட்டிவிடலாமே? அந்தத் தலையை நட்டால் இன்னொரு மரமும் வருமா?

கூம்புச்செதில்:
இரண்டும் தனித்தனிச் செய்தி. தலையை வெட்டினால் வெட்டுக்குக் கீழ அடிமரத்தில இருந்து இரண்டு மூன்று புதுத் தலை நிமிர்ந்து கிளம்பும். எல்லாத்தையும் விட்டால் கவர் கவராப் போய்க் காற்றில பிளக்கும். ஏற்கனவே முறிஞ்ச மரம் எண்டால் பலமான ஒரு தலையை விட்டு மிச்சத்தை ஒரு சாண் நீளத்துக்குள்ள இருக்கேக்கயே நறுக்குங்கோ. வேணுமெண்டே தலை வெட்டுறது மரத்தைப் பாழாக்கிறது. அதின்ர அழகே ஒரே குருத்தில இருந்து சமமாப் பிரியிற தட்டுத்தான்.

நடுகிறதைப் பற்றி: தலைக்குருத்தை வெட்டி நட்டால் நிமிர்ந்து வளரும். பக்கக் கிளையை நட்டால் வேர் விட்டாலும் ஆயுள் முழுக்கக் கிடையாத்தான் வளரும், தலை எழும்பாது. கிளை தன்ர கிளைக்குணத்தை மறக்காது. முளைக்குக் கட்டி நிமிர்த்தினாலும் நுனி திரும்பச் சாயும். கிளைத்துண்டில வளர்த்த கன்றை விற்பனையில கண்டால் அடையாளம் இதுதான்: நாலு பக்கமும் தட்டு விடாமல் ஒரே தளத்தில சிறகு மாதிரி இரண்டு பக்கம் மட்டும் விரியும்.

வித்துத்தான் சரியான வழி. புது வித்தா இருக்கவேணும், வைச்சு வைச்சு விதைச்சால் முளைப்புத்திறன் கெதியாப் போயிடும். கூர்முனை கீழ இருக்கிற மாதிரி பாதி புதையக் குத்துங்கோ. ஆத்துமணல் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, அரை நிழல். நல்ல வித்தெண்டால் இரண்டு மூன்று கிழமையில வித்திலை நிலத்துக்கு மேல விரியும். தனி மரத்துக் கூம்பில சொத்தி வித்துக் கூட. நகத்தால அமத்திப் பாருங்கோ, வெறும் கோதெண்டால் மடங்கும்.

வெட்டேக்க வெள்ளைப் பிசின் வடியும். கத்தியில மண்ணெண்ணெய் பூசினால் கழரும்.

பவளச்சாடி:
சாடியில வைச்ச கன்றில வெள்ளைப் பஞ்சுப்பூச்சி. பாத்திரம் கழுவுற சவர்க்காரத் தண்ணி தெளிக்கச் சொல்லுறாங்க. வீடு கடலுக்கு 100 மீற்றர். தெளிக்கலாமா?

வேர்முனை:
வேண்டாம் அக்கா. மற்றச் செடிகளுக்கு அது நல்ல மருந்து, கடலோரத்து அரோக்கேரியாவுக்கு அல்ல. இந்த மரம் உப்புக்காற்றைத் தாங்குவது இலையின் மெழுகுப் பூச்சால். நீர்த்துளி இலைவாய்க்குள் இறங்காமல் உருண்டு விழுந்துவிடும். சவர்க்காரம் நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்தால் அதே உப்புநீர் பரவி உள்ளே புகும். சிட்னியின் மான்லி போன்ற கடற்கரைகளில் 1960, 1970களில் நோர்போக் மரங்கள் கடற்பக்கமாகக் கருகின. கழிவுநீரோடு கடலில் கலந்த சலவைப்பொருள் அலைத்துளியில் ஏறி இலையில் படிந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். உப்பைத் தாங்கும் மரம் உப்பும் சவர்க்காரமும் சேர்ந்ததைத் தாங்கவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: சாடியைச் சரித்து, வேகமான நல்ல தண்ணீரால் கிளை இடுக்குகளைக் கழுவுங்கள், நாலு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. மிஞ்சியதை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் பூச்சியின் மேல் மட்டும் தொடுங்கள், இலையில் தேய்க்காதீர்கள். எறும்பு ஏறினால் அதைத் தடுக்காமல் பூச்சி போகாது. சாடியின் காலைத் தண்ணீர்த் தட்டில் வைக்கவும்.

சமையலறைக் கழிவுநீர் ஓடும் பக்கத்தில் நிலத்து மரத்தையும் வைக்கவேண்டாம். கிணறு உவர்த்தால் இலையில் தெளிப்பதைவிட வேரில் ஊற்றுவதுதான் கூடுதல் கேடு. காற்றில் வரும் உப்பை மழை கழுவிவிடும், வேரடியில் சேருவது வறட்சி முழுக்க அங்கேயே இறுகும்.

பவளச்சாடி:
நன்றி. கீழ்க்கிளை ஒண்டு பழுத்திருக்கு, அதுவும் பூச்சியாலயா?

வேர்முனை:
அடித்தட்டில் ஒன்று மட்டும், உள்ளிருந்து வெளியாகப் பழுத்தால் முதுமை. இந்த மரம் இலையைத் தனியாக உதிர்க்காது, சிறுகிளையோடு சேர்த்தே கழற்றும். எல்லாத் தட்டிலும் நுனி கருகினால் உப்பு அல்லது வறட்சி. நடுத்தட்டுகள் தொய்ந்து மஞ்சளானால் சாடிக்குள் தண்ணீர் தேங்குகிறது. துவாரத்தைக் குத்திப் பாருங்கள்.

உவர்மணல்:
அளந்து பார்த்தன். தெற்குப் பக்கம் 37.5 செ.மீ., வடக்குப் பக்கம் 19.5. கிழக்கிலயும் மேற்கிலயும் 28.5, வித்தியாசம் இல்லை. தோல் தாள் மாதிரி உரியுது. 3 மீற்றர் உயரத்தில இருந்து அடிமரத்தில குட்டைக் குச்சிகள் திரும்ப விட்டிருக்கு. கூம்பு இல்லை.

கூம்புச்செதில்:
வித்தியாசம் 18, பாதி 9. இரண்டு மீற்றருக்கு 9 எண்டால் இரண்டரைப் பாகை சொச்சம். தூரம் கூடின பக்கம்தான் சாயிற பக்கம், ஆக நேர் தெற்கு. கச்சானும் இல்லை, வாடையும் இல்லை. தோலும் குச்சியும் அதையே சொல்லுது. குக் பைன் எண்டு எழுதி வையுங்கோ. சாய்வை நிமிர்த்தக் கம்பி கட்டவேண்டாம், அந்தக் குச்சிகளையும் துப்புரவாக்கிறம் எண்டு வெட்டவேண்டாம். முன்பக்கத்துக் கன்றுகளை ஆழிக்குடா சொன்ன 10 மீற்றரில வையுங்கோ. கூம்பு வந்தால் நீளத்தையும் அகலத்தையும் இதே இழையில போடுங்கோ, அகலம் நீளத்தைவிடக் கூடினால் நான் எழுதினதைத் திருத்துறன்.